மாறாதது வகை, மாறுவது நிலை

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வங்கிக் கிளைகளிலும் கூட்டம் கூடிவிடும். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீளும் சீசன் வருமானத்தை நம்பித்தான் அங்கே பல குடும்பங்களின் ஆண்டு வரவு செலவே ஓடுகிறது. அப்படியொரு நாளில் ஒரே கிளைக்கு மூன்று பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஐந்தருவிச் சாலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் கடைக்காரர். அடுத்தவர் தங்கும் விடுதியில் வேலை பார்க்கும் பெண். மூன்றாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூவருக்கும் தேவை ஐயாயிரம் ரூபாய்.

விடுதிப் பணியாளரின் சேமிப்புக் கணக்கில் இருப்பது மூவாயிரம். போதிய இருப்பு இல்லை என்று கணினி மறுத்துவிடுகிறது. கடைக்காரரின் நடப்புக் கணக்கிலும் அதே மூவாயிரம்தான். ஆனால் அவருக்கு ஐயாயிரம் கிடைத்துவிடுகிறது. ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் மிகைப்பற்று வசதி அந்தக் கணக்குக்கு உண்டு. ஆசிரியரிடம் இருப்பதோ ஒரு லட்ச ரூபாய் நிரந்தர வைப்பு. வழக்கமான நிரந்தர வைப்பில் ஐயாயிரத்தை மட்டும் தனியாக எடுக்க முடியாது. தவணை முடியும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கையே முன்கூட்டி முடித்து, வட்டியில் கொஞ்சம் இழக்க வேண்டும்.

மூவாயிரம் வைத்திருப்பவருக்குப் பணம் கிடைக்கிறது, லட்சம் வைத்திருப்பவருக்குக் கிடைக்கவில்லை. கவுன்ட்டரில் இருப்பவர் மூவருக்கும் கொடுத்தது ‘பணம் எடு’ என்ற ஒரே கட்டளைதான். அப்படியென்றால் மூன்று விதமான பதில்கள் எங்கிருந்து வந்தன? கணினிக்கு இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் பொருள்நோக்கு நிரலாக்கம் என்னும் முறையின் சாரம் இருக்கிறது. நிரல் எழுதக் கற்கும் மாணவர்களுக்கு உலகமெங்கும் தரப்படும் முதல் பயிற்சிகளில் ஒன்று வங்கிக் கணக்கு. அதை மேலோட்டமாகச் செய்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஆனால் நம் ஊர் வங்கிக் கிளையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பார்த்தால், அந்தச் சின்னப் பயிற்சிக்குள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான சிந்தனை அடங்கியிருப்பது தெரியும்.

நிபந்தனைகளின் நீண்ட வரிசை

முதலில் தோன்றும் வழி எளிமையானது. பணம் எடுக்கும் நிரலில் வரிசையாக நிபந்தனைகளை எழுதிவிடலாம். சேமிப்புக் கணக்கா, இருப்பைப் பார். நடப்புக் கணக்கா, இருப்போடு மிகைப்பற்று வரம்பையும் கூட்டிப் பார். நிரந்தர வைப்பா, தவணை முடிந்ததா என்று பார்.

இது வேலை செய்யும். ஆனால் இதே வரிசையை வட்டி கணக்கிடும் நிரலிலும் எழுத வேண்டும். கட்டணம் பிடிக்கும் நிரல், கணக்கு அறிக்கை அச்சிடும் நிரல், கணக்கை முடிக்கும் நிரல் என்று ஒவ்வொன்றிலும் மறுபடி மறுபடி எழுத வேண்டும். புதிதாக ஒரு கணக்கு வகை வந்தால் அத்தனை இடங்களையும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும்.

அப்படிப் புதுவகை வருவது அரிதான நிகழ்ச்சியும் அல்ல. 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எல்லா வங்கிகளும் வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் கோடிக்கணக்கான ஏழைகளுக்குத் திறக்கப்பட்டவை இந்த வகைக் கணக்குகளே. குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் அபராதம் பிடிக்கும் நிரல் பத்து இடங்களில் சிதறிக் கிடந்து, அவற்றில் ஒன்றை மட்டும் திருத்த மறந்தால் என்ன ஆகும்? நூறு நாள் வேலைக் கூலி வந்து விழும் கணக்கில் அபராதம் கழியும். நிரலை ஒழுங்காக அடுக்குவது வெறும் அழகியல் விஷயம் இல்லை. எங்கோ ஒருவரின் கூலி அதைப் பொறுத்திருக்கிறது.

பொருளும் இனக்குழுவும்

இரண்டாவது வழி, நிரலைப் பார்க்கும் கோணத்தையே மாற்றுகிறது. பணம் எடுப்பது, வட்டி போடுவது என்று செயல்களை வைத்துப் பிரிப்பதற்குப் பதிலாக, கணக்குகளை வைத்துப் பிரிக்கிறது. கணினிக்குள் ஒவ்வொரு கணக்கும் தனித்தனிப் ‘பொருள்’ ஆகிறது. பேச்சு வழக்கில் ஆப்ஜெக்ட். ஒவ்வொரு பொருளுக்குள்ளும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று அதற்குத் தெரிந்த விவரங்கள், மற்றொன்று அதற்குச் செய்யத் தெரிந்த வேலைகள்.

விடுதிப் பணியாளரின் சேமிப்புக் கணக்கு ஒரு பொருள். அவருடன் வேலை பார்ப்பவரின் சேமிப்புக் கணக்கு இன்னொரு பொருள். எண்ணும் பெயரும் இருப்பும் வேறு, நடத்தை ஒன்றுதான். அந்தப் பொதுவான நடத்தையை ஒரே இடத்தில் எழுதி வைக்கும் வரையறைக்குப் பெயர் கிளாஸ். தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் இதை ‘இனக்குழு’ என்கிறது. நாமும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கின் இனக்குழுவைத் தமிழில் எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

இனக்குழு: கணக்கு
தெரிந்தவை: கணக்கு எண், உரிமையாளர், பதிவுகள்
செய்பவை: இருப்பைச் சொல், வட்டியைக் கணக்கிடு, அறிக்கை கொடு

‘தெரிந்தவை’ பட்டியலில் ‘இருப்பு’ இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறது. வங்கியில் யாரும் இருப்பை அழித்து வேறு எண் எழுதுவதில்லை. வரவுப் பதிவு விழும், பற்றுப் பதிவு விழும். அவற்றைக் கூட்டிக் கழித்தால் வருவதுதான் இருப்பு. தவறாக ஒரு பதிவு விழுந்துவிட்டால்கூட அதை அழிக்க மாட்டார்கள். அதை ஈடுசெய்ய எதிர்ப்பதிவு ஒன்று போடுவார்கள். கணக்கியலின் இந்தப் பழைய ஒழுக்கத்தை நிரலும் காப்பாற்ற வேண்டும். பதிவுகளை வெளியிலிருந்து எந்த நிரலும் நேரடியாகத் தொடக்கூடாது. கணக்குப் பொருளிடம் கேட்கத்தான் வேண்டும். அது விதிகளைச் சரிபார்த்த பிறகு, தன் பதிவைத் தானே எழுதும்.

விவரங்களை இப்படி உள்ளே பூட்டிவைத்து, அனுமதிக்கப்பட்ட செயல்களின் வழியாக மட்டுமே அணுகவிடுவதை உறைபொதியாக்கம் என்பார்கள். இருப்பு தவறாக இருக்கிறது என்று ஒரு புகார் வந்தால் எங்கே தேடுவது என்ற கேள்விக்கு இது ஒரே விடையைத் தருகிறது. பதிவுகளை எழுதக்கூடியது அந்த ஓர் இனக்குழுவின் நிரல் மட்டுமே, ஆகையால் பிழையும் அங்கேதான் இருக்க வேண்டும்.

எஸ்.பி.யா, கரண்டா?

சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு இரண்டுக்கும் பொதுவானவை பல. எண், பெயர், பதிவுகள், அறிக்கை எல்லாம் இரண்டிலும் உண்டு. இவற்றை இரண்டு இனக்குழுக்களிலும் தனித்தனியாக எழுதுவது வீண். பொதுவானதைத் தாய் இனக்குழுவான ‘கணக்கு’ என்பதில் ஒருமுறை எழுதிவிட்டு, சேய் இனக்குழுக்கள் அதை அப்படியே பெற்றுக்கொள்ளச் செய்யலாம். இதுதான் மரபுரிமம். சேமிப்புக் கணக்கு தனக்கே உரிய வட்டி விதியை மட்டும் கூடுதலாக எழுதிக்கொள்ளும். நடப்புக் கணக்கு மிகைப்பற்று வரம்பை மட்டும் சேர்த்துக்கொள்ளும்.

தென்காசியில் ஒரு கடைக்காரர் வங்கிக்குப் போய்க் கணக்குத் தொடங்க வேண்டும் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் உடனே கேட்பார்: “எந்தக் கணக்கு அண்ணாச்சி? எஸ்.பி.யா, கரண்டா?” வெறும் ‘கணக்கு’ என்று ஒன்றை யாராலும் தொடங்க முடியாது. அது பொதுவான கருத்து மட்டுமே. நிரலிலும் அப்படித்தான். ‘கணக்கு’ என்ற தாய் இனக்குழுவிலிருந்து நேரடியாகப் பொருள் எதையும் உருவாக்க முடியாதபடி தடுத்து வைப்பார்கள். இப்படிப்பட்டதை அருவ இனக்குழு என்பது வழக்கம்.

இப்போது தொடக்கப் புதிருக்கு விடை சொல்லிவிடலாம். கவுன்ட்டரில் ‘பணம் எடு’ என்ற கட்டளையைக் கொடுத்ததும், அது அந்தந்தக் கணக்குப் பொருளிடம் போய்ச் சேர்கிறது. சேமிப்புக் கணக்கு தன் இனக்குழுவில் எழுதியிருக்கும் விதிப்படி நடக்கிறது. நடப்புக் கணக்கு தன்னுடைய விதிப்படி நடக்கிறது. ஆசிரியரின் நிரந்தர வைப்பைப் பற்றிப் பின்னால் தனியாகப் பார்ப்போம். கட்டளை கொடுக்கும் நிரலுக்கு எதிரே இருப்பது எந்த வகை என்று தெரியவே வேண்டாம். ஒரே கட்டளை, வகைக்கு ஏற்ற செயல். இதற்குப் பல்லுருவாக்கம் என்று பெயர். காலாண்டு முடிவில் ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கு வட்டி போடும் நிரலும் ஒவ்வொரு கணக்கிடமும் ‘வட்டியைக் கணக்கிடு’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நடப்புக் கணக்கு சுழியம் என்று பதில் சொல்லும், ஏனென்றால் இந்தியாவில் நடப்புக் கணக்குக்கு வட்டி கிடையாது.

ஒஸ்லோவில் பிறந்த யோசனை

இந்தச் சிந்தனை வங்கியில் பிறக்கவில்லை. நார்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் 1960களில் ஊலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகோர் என்ற இருவர் ‘சிமுலா’ என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். துறைமுகம், தொழிற்சாலை, போக்குவரத்து போன்ற அமைப்புகளைக் கணினிக்குள் போலச்செய்து பார்ப்பதே அவர்கள் நோக்கம்.

அவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. சுங்கச்சாவடியில் நிற்கும் வரிசையில் லாரியும் இருக்கிறது, பேருந்தும் இருக்கிறது. வரிசையில் நிற்பது, முன்னால் நகர்வது என்ற அளவில் இரண்டும் ஒன்று. லாரிக்குச் சரக்கு உண்டு, பேருந்துக்குப் பயணிகள் உண்டு என்ற அளவில் வேறு. பொதுவானதை ஒருமுறை மட்டும் எழுதி, வேறுபாட்டைத் தனியே எழுத வழி வேண்டும். 1966இல் பிரான்சின் வில்லார் டி லான் ஊரில் நடந்த கோடைப் பள்ளியில், கணினி அறிஞர் டோனி ஹோர் பதிவு வகைகளைப் பற்றியும் துணை வகைகளைப் பற்றியும் பேசியது அவர்களுக்குப் பொறி தட்டியது. அந்த ஆண்டின் இறுதிக்குள் விடை கிடைத்துவிட்டது. 1967 மே மாதம் ஒஸ்லோவில் நடந்த மாநாட்டில் இனக்குழு, துணை இனக்குழு பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். சிமுலா 67 அந்த யோசனையைச் சுமந்து வந்தது. பின்னால் வந்த ஸ்மால்டாக், சி பிளஸ் பிளஸ், ஜாவா எல்லாம் அந்த வழியில் வந்தவையே. டாலும் நிகோரும் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருதை 2001க்கு உரியதாகப் பெற்றார்கள். இருவரும் 2002இல் மறைந்தார்கள்.

வட்டி விதி மாறிய நாள்

இந்த முறை நல்லது என்று எப்படித் தெரியும்? ஒரு வடிவமைப்பின் தரம் அது எழுதப்படும் நாளில் தெரியாது. விதி மாறும் நாளில்தான் தெரியும். இந்திய வங்கிகளுக்கு அப்படி ஒரு நாள் வந்தது: 2010 ஏப்ரல் 1.

அதுவரை சேமிப்புக் கணக்குக்கு வட்டி போட்ட முறை வேறு. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்பு எவ்வளவோ, அதற்கு மட்டுமே அந்த மாத வட்டி. அன்று முதல், ஒவ்வொரு நாள் இருப்புக்கும் தனித்தனியாக வட்டி போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது.

நம் விடுதிப் பணியாளரின் கணக்கை வைத்தே போட்டுப் பார்ப்போம். ஜூன் மாதம் முழுக்கப் பத்தாயிரம் இருக்கிறது. 25ஆம் தேதி பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஒன்பதாயிரம் எடுத்து, 27ஆம் தேதி திரும்பப் போட்டுவிடுகிறார். அன்றைய வட்டி ஆண்டுக்கு 3.5 சதவீதம். பழைய முறையில் அந்த மாதத்தின் மிகக் குறைந்த இருப்பு ஆயிரம், ஆகவே வட்டி 2 ரூபாய் 92 காசு. புதிய முறையில் 28 நாட்களுக்குப் பத்தாயிரம், 2 நாட்களுக்கு ஆயிரம். வட்டி 27 ரூபாய் 4 காசு. இரண்டே நாள் பணம் வெளியே போனதற்காக மாத வட்டி கிட்டத்தட்ட முழுவதையும் இழக்கும் நிலை அன்றோடு போனது. மாதக் கடைசியில் கை நீட்ட வேண்டியிருக்கும் குடும்பங்களுக்குத்தான் இந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

இப்போது நிரலர் பக்கம் வாருங்கள். வட்டி விதி சேமிப்புக் கணக்கு என்ற இனக்குழுவுக்குள் ஒரே இடத்தில் எழுதியிருந்தால், திருத்த வேண்டியதும் அந்த ஓர் இடம்தான். காலாண்டு முடிவில் ‘வட்டியைக் கணக்கிடு’ என்று சொல்லும் நிரலில் ஒரு வரிகூட மாறாது. விதி பல இடங்களில் சிதறியிருந்தால் ஒவ்வொன்றையும் திருத்தி, ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

இதே ஊரின் அஞ்சலகத்துக்குப் போனால் இன்னொரு பாடம் கிடைக்கும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் இன்றும் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடைப்பட்ட குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. பெயர் சேமிப்புக் கணக்கு, நடத்தை வேறு. ஆக, வட்டி விதி என்பது கணக்கோடு ஒட்டிப் பிறந்த ஒன்றல்ல. மாற்றிப் பொருத்தக்கூடிய தனிப் பகுதி. இந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போவோம்.

நிரந்தர வைப்பு ஒரு கணக்கா?

பயிற்சி செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்: ‘பணம் போடு’, ‘பணம் எடு’ இரண்டையும் தாய் இனக்குழுவான ‘கணக்கு’ என்பதிலேயே வைத்துவிடுவார்கள். சேமிப்பு, நடப்பு, நிரந்தர வைப்பு மூன்றும் அதன் சேய்கள். நிரந்தர வைப்பும் ஒரு கணக்குதானே என்பது அவர்கள் வாதம்.

ஆனால் ஆசிரியரின் நிரந்தர வைப்பில் நினைத்தபோது பணம் போட முடியாது, நினைத்தபோது எடுக்கவும் முடியாது. தாய் கொடுத்த இரண்டு வேலைகளையும் சேய் மறுக்கிறது. மாதாமாதம் குறிப்பிட்ட தொகை கட்டும் தொடர் வைப்பிலும் இதே கதைதான்; எந்தத் தொகையையும் போடலாம் என்ற தாயின் சொல்லை அது ஒரே தொகைக்குள் சுருக்குகிறது. கணக்கு என்று நம்பி ‘பணம் எடு’ என்று சொல்லும் எந்த நிரலும் இங்கே இடறி விழும்.

இதற்கான விதியைத் தெளிவாகச் சொன்னவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பார்பரா லிஸ்கோவ். 1987இல் ஒரு மாநாட்டு உரையில் அவர் முன்வைத்த கருத்தை, 1994இல் ஜீனெட் விங்குடன் சேர்ந்து முறையான கோட்பாடாக வெளியிட்டார். லிஸ்கோவுக்கு 2008க்கான டியூரிங் விருது கிடைத்தது. அவர் சொன்னது இதுதான்: தாய் இருக்க வேண்டிய எந்த இடத்திலும் சேயை வைத்தால், நிரல் முன்போலவே சரியாக நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அது சேய் அல்ல.

தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் போகும் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஓட்டுநர் விடுப்பில் போக, மாற்று ஓட்டுநர் வருகிறார். அவர் யார் என்று பயணிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எல்லா நிறுத்தங்களிலும் அவர் நிற்க வேண்டும். வழக்கமாக ஏறும் எல்லோரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். மேலகரத்தில் நிற்க மாட்டேன் என்று அவர் சொன்னால், செய்ய வேண்டியதைக் குறைக்கிறார். மூட்டை முடிச்சு இல்லாதவர்கள் மட்டும் ஏறுங்கள் என்றால், புது நிபந்தனை போடுகிறார். இரண்டில் எதைச் செய்தாலும் அவர் மாற்று ஓட்டுநர் ஆக மாட்டார். சேய் இனக்குழுவுக்கும் இதே இரண்டு தடைகள்தான். தாய் தந்த வாக்கைக் குறைக்கக்கூடாது. தாய் கேட்காத நிபந்தனையைக் கேட்கக்கூடாது. அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கூடுதலாகச் செய்யலாம்.

தீர்வு என்ன? தாயிடம் உள்ள வாக்கை எல்லாச் சேய்களாலும் காப்பாற்றக்கூடிய அளவுக்குக் குறைக்க வேண்டும். முன்னால் தமிழில் எழுதிக் காட்டிய ‘கணக்கு’ இனக்குழுவைத் திரும்பிப் பாருங்கள். அதில் பணம் போடுவதும் எடுப்பதும் இல்லை. அதன் கீழே இரண்டு கிளைகள் வரும். கேட்டவுடன் பணம் தரும் கணக்குகள் ஒரு கிளை. சேமிப்பும் நடப்பும் இதில் அடங்கும், போடுவதும் எடுப்பதும் இங்கே இருக்கும். காலக்கெடு உள்ள வைப்புகள் மற்றொரு கிளை; நிரந்தர வைப்பும் தொடர் வைப்பும் இதில் அடங்கும், முதிர்வும் முன்கூட்டி முடிப்பதும் இங்கே இருக்கும்.

இந்தப் பிரிவினை கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், வங்கியின் பொறுப்புகளைக் கேட்டவுடன் கொடுக்க வேண்டியவை, அல்லாதவை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கிளைகளில் காகித லெட்ஜர்கள் இருந்த காலத்திலும் எஸ்.பி.க்குத் தனி லெட்ஜர், கரண்டுக்குத் தனி லெட்ஜர் என்றுதான் இருந்தது. பிறகு ரிசர்வ் வங்கியின் அன்றைய துணை ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் அறிக்கை தந்து, வங்கிகளைக் கணினிமயமாக்க வழிவகுத்தது. லெட்ஜர்கள் போனாலும் அவற்றைப் பிரித்து வைத்த காரணம் போகவில்லை. துறையில் பல காலம் இருந்தவர்கள் ஏற்கனவே செய்துவைத்த பிரிவினையை முதலில் கற்றுக்கொள்வது, நாமே புதிதாக ஒன்றைக் கற்பனை செய்வதைவிட நல்லது.

வளைகுடாவுக்குப் போன பிள்ளையின் கணக்கு

கடையநல்லூர், தென்காசி வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். ஒரு பிள்ளை துபாய்க்கு வேலைக்குப் போகிறார். ஊரில் அவருக்கு ஏற்கனவே இருக்கும் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்வோருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. அங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்குத் திறக்கிறார். ஊர் திரும்பியதும் அவற்றை மீண்டும் உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும்.

உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கு, என்.ஆர்.ஓ. சேமிப்புக் கணக்கு என்று இரண்டு இனக்குழுக்களை எழுதியவர் இங்கே மாட்டிக்கொள்வார். ஜாவா, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் ஒரு பொருள் உருவான பிறகு அதன் இனக்குழுவை மாற்ற முடியாது. புதிய பொருளை உருவாக்கி, பழைய பதிவுகளை எல்லாம் அதற்கு நகர்த்தி, பழையதைச் சுட்டிக்கொண்டிருந்த காசோலை, நிலையான கட்டளை எல்லாவற்றையும் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் வீட்டுக்கடன் தவணை நின்றுபோகும்.

இது மட்டுமா? சிறுவர் கணக்கு வைத்திருக்கும் பெண்ணுக்குப் பதினெட்டு வயதாகிறது. ஆசிரியருக்கு அறுபது வயதானதும் வைப்புகளுக்குப் பெரும்பாலான வங்கிகளில் மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் தொடாத கணக்கு, செயல்படாத கணக்கு ஆகிறது. ஆவணம் கொடுத்தால் திரும்ப உயிர்பெறுகிறது. இவற்றை எல்லாம் இனக்குழுக்களாகவே பிரித்தால் எண்ணிக்கை எங்கே போகும் என்று பாருங்கள். சேமிப்பு, நடப்பு, நிரந்தரம், தொடர் என நான்கு. உள்நாடு, என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. என மூன்று. சிறுவர், பொது, மூத்தோர் என மூன்று. செயல்படுவது, செயல்படாதது என இரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 72. இவற்றில் சில சேர்க்கைகள் நடைமுறையில் இல்லை என்றாலும், மீதி இருப்பதே ஒருவரால் சமாளிக்க முடியாத கூட்டம்.

இவற்றைத் தனித்தனிப் பகுதிகளாக வைத்துக் கணக்குக்குள் பொருத்தினால் பெருக்கல் கூட்டலாகிவிடும்: நான்கு, மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் 12. கணக்கின் வகை ஒருமுறை தீர்மானமாகிறது. குடியிருப்பு நிலை, வயதுப் பிரிவு, செயல்பாட்டு நிலை, வட்டி விதி எல்லாம் கணக்குக்குள் பொருத்திய பகுதிகள். துபாய்க்குப் போனால் ஒரு பகுதியை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டுகிறோம்; கணக்கு அதே கணக்கு, பதிவுகள் அதே பதிவுகள். மரபுரிமத்தைவிட இப்படிப் பகுதிகளைச் சேர்த்துக் கட்டுவதையே முதலில் நாடுங்கள் என்று 1994இல் வெளிவந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூலில் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வரும் அறிவுறுத்தினார்கள்.

எதை இனக்குழுவாக்குவது, எதைப் பகுதியாக்குவது என்று குழம்பினால் ஒரு சோதனை போதும். இந்த ஒரே கணக்கின் வாழ்நாளில் இது மாறுமா? மாறாது என்றால் அது வகை. மாறும் என்றால் அது நிலை.

நிஜ வங்கி மென்பொருள் சொல்லும் சாட்சி

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இந்திய அஞ்சல் துறையும் பல வங்கிகளும் பயன்படுத்தும் இன்ஃபோசிஸின் ‘ஃபினக்கிள்’ மென்பொருளில், சேமிப்பு, நடப்பு, காலவைப்பு, மிகைப்பற்று, கடன் என்று திட்ட வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றின் கீழ் வங்கி தன் விருப்பப்படி எத்தனையோ திட்டக் குறியீடுகளை வைத்துக்கொள்கிறது. வட்டி விகிதங்கள் தனி அட்டவணைகளில் இருக்கின்றன. மூத்த குடிமக்களுக்கு வட்டியைக் கால் சதவீதம் கூட்ட நிரலரைக் கூப்பிட வேண்டாம். அட்டவணையில் ஒரு வரி மாற்றினால் போதும். பல ஆண்டு அனுபவத்தில் நிலைத்து நிற்கும் மென்பொருள் இந்த வடிவத்துக்கு வந்திருக்கிறது. வகை கொஞ்சமாகவும் நிலை நிறையவும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. பட்டப்படிப்பு இல்லாமல், பள்ளியோ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுத்து வேலைக்கு எடுக்கும் அந்த நிறுவனத்தின் பள்ளியும் அங்கே இருக்கிறது. பொதிகை மலையடிவாரத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதலாம் என்பது இன்று கண்முன் நிற்கும் உண்மை. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதியும் இருக்கிறது. சீசன் கடை நடப்புக் கணக்கு, நூறு நாள் வேலைக் கூலி விழும் ஜன் தன் கணக்கு, வளைகுடாவிலிருந்து பணம் வரும் என்.ஆர்.இ. கணக்கு, பாட்டியின் அஞ்சலகச் சேமிப்பு என்று எல்லா வகையும் அவர்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

ஆகவே கணினி வகுப்பில் ‘வங்கிக் கணக்கு’ பயிற்சியைத் தரும் ஆசிரியர்களுக்கும், அதைச் செய்யும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரையின் முன்னால் உட்காரும் முன், வீட்டில் உள்ள பாஸ்புக்குகளை எடுத்துப் பாருங்கள். எந்தக் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், எதில் முடியாது, வட்டி எப்போது எந்தக் கணக்கில் விழுகிறது, யாருடைய கணக்கு எப்போது மாறியது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மரபுரிமத்துக்கும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: தாயின் வாக்கைச் சேய் காப்பாற்றுமா? இது வகையா, நிலையா? இரண்டுக்கும் சந்தேகமின்றிப் பதில் சொல்ல முடிந்த பிறகு முதல் வரியை எழுதுங்கள்.